பரோலோ: ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்பா என்ற ஊரிலிருந்து பரோலோ கிராமத்துக்குப் போகிற ரோடு ஒன்றும் பெரிய ரோடு இல்லை. 15 கிலோமீட்டர் இருக்கும். பள்ளத்தாக்கின் அடியைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். வலது பக்கம் மேலே ஏறினால் லா மோர்ரா. இடது பக்கம் ஏறினால் செர்ராலுங்கா. லா மோர்ராவின் உச்சியில் நின்று பார்த்தால் செர்ராலுங்காவின் கோட்டை தெரியும். நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு ஊரிலும் வளர்வது ஒரே திராட்சை, நெப்பியோலோ. பாட்டிலில் ஒட்டுவது ஒரே பெயர், பரோலோ. ஆனால் லா மோர்ராவின் ஒயினை ஏழெட்டு வருடத்தில் நிம்மதியாகக் குடிக்கலாம். செர்ராலுங்கா ஒயின் அந்த வயதில் இன்னும் முறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

வேலை நிமித்தமாக டுரினில் இருந்த காலத்தில் இந்தக் குன்றுகளில் நிறைய நடந்திருக்கிறேன், குடித்தும் இருக்கிறேன். இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பற்றி யாராவது கேட்டால், எந்தத் திராட்சை என்பதற்கு அடுத்து எந்த மேடு, எந்தச் சரிவு என்றும் விசாரிக்கச் சொல்வேன். முழு இத்தாலியையும் ஒரே கட்டுரையில் சுற்றிக் காட்டப் போவதில்லை. பெரும்பாலும் இந்த ரோட்டின் இரு பக்கத்திலேயே இருப்பேன். கடைசியில் கொஞ்சம் வெளியே போய் வரலாம்.

முதலில் சட்டம். பரோலோ என்று எழுத வேண்டுமானால் திராட்சை முழுக்க நெப்பியோலோவாக இருக்க வேண்டும். 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். தோட்டம் கடல்மட்டத்திலிருந்து 170 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது, 540 மீட்டருக்கு மேலேயும் கூடாது. வடக்கு பார்த்த சரிவு தகுதியற்றது. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். ஒரு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் பறிக்கக் கூடாது. இதெல்லாம் அதிகாரிகள் உட்கார்ந்து கற்பனையில் எழுதியது மாதிரித் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தத் திராட்சையின் பிடிவாதம் இருக்கிறது.

நெப்பியோலோ வசந்தத்தில் மற்ற கொடிகளுக்கு முன்பே துளிர்த்துவிடும். ஆகவே கடைசிப் பனியில் கருகும் ஆபத்து அதற்குத்தான் அதிகம். பழுப்பதிலோ கடைசி ஆள். பக்கத்துத் தோட்டத்தில் தோல்செத்தோ, பார்பெரா என்ற மற்றத் திராட்சைகளைப் பறித்து முடித்து, கூடைகளைக் கழுவி வைத்த பிறகும் இது அக்டோபர் வெயிலுக்காகக் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். தோல் மெல்லியது, நிறமும் குறைவு. கிளாஸில் ஊற்றினால் அடர்சிவப்பை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோவார்கள். வயதானால் விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த வெளிறிய நிறத்துக்குள் புளிப்பும் துவர்ப்பும் மூர்க்கமாக இருக்கும். பழுக்காத வருடத்தில் அந்தத் துவர்ப்பு வாயை அடைத்துவிடும். நன்றாகப் பழுத்துவிட்டால், துவர்ப்பு அப்படியே இருக்க, அதன் மேல் காய்ந்த ரோஜா, ரோட்டுத் தார், செர்ரி என்று வாசனை எழும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே இருப்பது சில வாரத்து வெயில்தான். அந்த வெயில் எந்தச் சரிவில் விழுகிறது என்பதுதான் கேள்வியே.

லாங்கே என்கிற இந்தக் குன்றுகளில் எதை எங்கே நடுவது என்பதை விவசாயிகள் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். குளிர்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெப்பியோலோ. தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவின் நடுப்பகுதி அது. சூடு கொஞ்சம் குறைந்த இடத்தில் பார்பெரா, இன்னும் குளிர்ந்த இடத்தில் தோல்செத்தோ. வடக்குப் பக்கம் ஹேசல்நட் மரம். கீழே ஈரமான ஓடைக்கரையில் பாப்லர். ஒரு குன்றை நின்று பார்த்தாலே இந்த வரிசை தெரியும். ஆல்பாவின் சாக்லெட் தொழிலும் நுட்டெல்லாவும் அந்த வடக்குச் சரிவு மரங்களின் ஊரில்தான் பிறந்தன என்பது ஒரு உபரித் தகவல்.

இப்போது மண்ணுக்கு வருவோம். இந்தக் குன்றுகள் ஒரு கோடி வருடத்துக்கு முன்பு கடலடி. உழும்போது சிப்பி அச்சுகள் இன்னும் கிடைக்கின்றன. ரோட்டுக்கு மேற்கே, லா மோர்ராவிலும் பரோலோ கிராமத்தின் பெரும்பகுதியிலும் இருப்பது சாம்பல்நீலம் கலந்த சுண்ணாம்புக் களிமண். கிழக்கே, செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயின் ஒரு பகுதியிலும் இருப்பது அதைவிடப் பழைய படிவு. மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும், வெளிறி இறுகிய மண். புவியியலாளர்கள் இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்கள், பழைய பெயர்களை மாற்றியும் விட்டார்கள். கால் வைத்து நடப்பவருக்கு இந்த அளவு போதும்.

கால் வைத்து என்று சும்மா சொல்லவில்லை. லா மோர்ராவிலிருந்து பரோலோவுக்குத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் பத்தடிக்கு ஒருமுறை நின்று, குச்சியால் செருப்பின் அடியைச் சுரண்ட வேண்டும். அப்படி ஒட்டும். அதே மண் ஆகஸ்டில் வெடித்து, விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். செர்ராலுங்கா பக்கம் ரோடு போட மேட்டை வெட்டிய இடங்களில் பாருங்கள். களிமண் அடுக்கு கரைந்து உள்ளே போயிருக்கும். மணற்கல் அடுக்கு மட்டும் பலகைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். கையில் எடுத்தால் வெள்ளையாகப் பொடியும். அங்கே மண்வெட்டி போடுகிறவர்களுக்கு இரண்டு கரைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஒயின் நிபுணர் யாரும் தேவையில்லை.

ஒரே வருடத்து ஒயின், இரண்டு ஊர், பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்ப்பதுதான் இதற்கு நல்ல வழி. நான் அப்படிக் குடித்ததில் ஒரு ஜோடி நன்றாக நினைவிருக்கிறது. இரண்டுமே 2010. லா மோர்ராவின் ரோக்கே தெல்லானுன்சியாத்தா தோட்டத்து ஒயின் மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ரோஜா, சிவந்த பழம், பின்னால் லேசாகப் புதினா மாதிரி ஒன்று. வாயில் துவர்ப்பு பொடிப்பொடியாகப் பரவி, தானாகவே விலகியது. செர்ராலுங்காவின் லாஸ்ஸரீத்தோ தோட்டத்து ஒயினில் முதல் அரைமணி நேரம் வாசனையே இல்லை. இரும்பும் காய்ந்த மூலிகையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தன. ஒரு வாய் குடித்தால் கடுக்காய்த் துண்டைக் கடித்தது மாதிரி ஈறு வரை இழுத்துப் பிடித்தது. ஆனால் அந்தப் பிடி தளரும்போது வந்த நீளம் இருக்கிறதே, அது முதல் கிளாஸில் இல்லை. எது பிடித்தது என்று கேட்டால், அன்று சாயங்காலம் லா மோர்ரா. ராத்திரி சாப்பாட்டோடு செர்ராலுங்கா.

சரி, இது மண்ணின் வேலையா? ஒயின் எழுதுகிறவர்கள் பலர் சுண்ணாம்பு இருந்தால் சுண்ணாம்பு ருசி, எரிமலைக் கல் இருந்தால் புகை ருசி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேர் கல்லை உறிஞ்சிப் பழத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மண் செய்வது வேறு வேலை. எவ்வளவு தண்ணீரை எத்தனை நாள் பிடித்து வைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது, கொடியை எவ்வளவு கொழுக்க விடுகிறது என்பவைதான் அது. தண்ணீரும் சத்தும் கட்டுப்பட்ட இடத்தில் பழம் சிறுத்துப்போகும். சிறுத்த பழத்தில் சாற்றைவிடத் தோலின் பங்கு அதிகம். துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருப்பது. செர்ராலுங்காவின் இறுக்கத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

மண்ணை மட்டும் பிடித்துக்கொண்டாலும் தப்பாகிவிடும். லா மோர்ரா ஊர் 500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் தோட்டங்கள் அங்கிருந்து 250 மீட்டர் வரைக்கும் இறங்குகின்றன. மேல்தோட்டமும் கீழ்தோட்டமும் ஒரே மண்ணில் இருந்தாலும் ஒரே நாளில் பழுப்பதில்லை. தானரோ ஆற்றுப் பக்கமாக இருக்கும் வெர்துனோவின் ஒயினில் ஒரு மிளகு வாசனை வரும்; அதை வேறெங்கும் அதே அளவில் நான் பார்த்ததில்லை. நடுவில் இருக்கும் காஸ்திலியோனே ஃபலேத்தோவில் இரண்டு பக்கத்துக் குணமும் கலந்திருக்கிறது. அப்புறம் ஆலங்கட்டி மழை வேறு. 2002-ல் பரோலோ கிராமத்தைச் சுற்றி ஆலங்கட்டி அடித்து நொறுக்கியது. பலர் அந்த வருடத்து ஒயினையே வெளியிடவில்லை. செர்ராலுங்காவில் இருக்கும் காஷினா ஃபிரான்சியா தோட்டம் தப்பித்தது. ஜக்கோமோ கொந்தெர்னோ குடும்பம் அதிலிருந்து தங்களுடைய மிகப்பெரிய ஒயினான மோன்ஃபோர்த்தீனோவைத் துணிந்து வெளியிட்டது. இன்றைக்கு அதற்குத் தனி மதிப்பு.

இடத்தின் பெயருக்கு இவ்வளவு எடை இருந்தால் அதன் எல்லைக்குச் சண்டை வராமல் இருக்குமா? பரோலோ கிராமத்தை ஒட்டி கனூபி என்று ஒரு நீண்ட மேடு. பெரிய உயரமெல்லாம் கிடையாது. இரண்டு வகை மண்ணும் சந்திக்கும் இடம் அது, மணல் பங்கும் கொஞ்சம் உண்டு. 1752 என்று ஆண்டும் கனூபி என்று பெயரும் எழுதிய ஒரு பழைய பாட்டில் இன்னும் இருக்கிறது. பரோலோ என்ற பெயர் ஒயினுக்கு வருவதற்கும் முந்தையது அது என்பார்கள். இந்த மேட்டின் நடுப்பகுதி மட்டும்தான் கனூபியா, அதை ஒட்டிய போஸ்கிஸ், சான் லொரென்சோ, வல்லெத்தா, முஸ்கத்தேல் பகுதிகளும் வெறுமனே கனூபி என்று எழுதிக்கொள்ளலாமா என்று வழக்கு நடந்தது. 2013-ல் இத்தாலியின் உச்ச நிர்வாக நீதிமன்றம், எழுதிக்கொள்ளலாம் என்றது. சுமார் 15 ஹெக்டேராக இருந்த பெயர் அதன் இருமடங்குக்கும் மேலே விரிந்துகொண்டது. மண் அன்றைக்கு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் லேபிளைப் படித்து வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் சொல்லும் விஷயம் மாறிவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம், எனக்கு உடன்பாடில்லை.

நிலம் கொடுத்ததை நிலவறையில் கெடுக்கவும் முடியும். 1980-களிலும் 90-களிலும் பரோலோவில் நடந்த பெரிய பிரிவினை இதைச் சுற்றித்தான். பழைய ஆட்கள் திராட்சையை ஒரு மாதம், அதற்கும் மேலே தோலோடு ஊறவைத்து, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய பெரும் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்தார்கள். இளையவர்கள் பிரான்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சில நாள் ஊறலும் 225 லிட்டர் புதிய ஓக் பீப்பாயும் போதும் என்றார்கள். லா மோர்ராவின் எலியோ அல்தாரே என்ற இளம் ஒயின்காரர் 1983-ல் அப்பாவின் பெரும் பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துப்போட்டார். அப்பா அவருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்றார். லாங்கேயில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பரோலோ கிராமத்து பர்த்தோலோ மஸ்கரெல்லோ எதிர்முனையில் நின்றார். சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கையால் வரைந்து லேபிளே ஒட்டினார்.

இளையவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அழுக்குப் பீப்பாயில் புளித்துப்போன பரோலோக்கள் அந்தக் காலத்தில் ஏராளம். விவசாயிக்கு விலையும் கிடைக்கவில்லை. கொத்துகளைக் குறைத்து நன்றாகப் பழுக்க வைக்கும் பழக்கத்தை ஊரில் நிலைநிறுத்தியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் புது ஓக்கின் வெனிலாவும் வறுத்த காபி வாசனையும் ஏறிய பிறகு லா மோர்ராவா செர்ராலுங்காவா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இப்போது இரண்டு கட்சியும் பாதி வழிக்கு வந்துவிட்டன. புது ஓக் குறைந்திருக்கிறது, பெரும் பீப்பாய்கள் திரும்பி வந்திருக்கின்றன, சுத்தமும் வந்திருக்கிறது. ஊர் வித்தியாசத்தைக் குடித்துப் பார்க்க இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

ஒரே தோட்டத்து ஒயின் என்பது நாம் நினைப்பதுபோலப் பழைய வழக்கமும் இல்லை. பல ஊர்த் திராட்சையை வாங்கிக் கலப்பதுதான் பரோலோவின் நடைமுறை. தோட்டத்தின் பெயரைத் தனியாகப் போடும் இன்றைய வழக்கம் 1961-ல் வியெத்தி, புருனோத்தோ என்ற இரண்டு தயாரிப்பாளர்களின் ரோக்கே, புஸ்ஸியா ஒயின்கள் வந்தபோதுதான் தொடங்கியது. பிறகு ரெனாத்தோ ரத்தி என்ற ஒயின்காரர் தோட்டங்களை வரிசைப்படுத்தி ஒரு வரைபடம் போட்டார். 2010-ல் அரசே எல்லை வரைந்து, 181 பெயர்களை அதிகாரப்பூர்வமாக்கியது. அதில் சில பெயர்கள் நிஜமாகவே ஒரு மேட்டின் குணத்தைச் சொல்லும். சில வெறும் விலாசம். புஸ்ஸியா மட்டும் கிட்டத்தட்ட 300 ஹெக்டேர். அதற்குள் மேடு, பள்ளம், நான்கு திசை எல்லாம் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் வைத்து என்ன ஒயின் என்று யாராலும் சொல்ல முடியாது. மஸ்கரெல்லோ கனூபி, சான் லொரென்சோ, ருவே ஆகியவற்றோடு லா மோர்ராவின் ரோக்கேயையும் கலந்து கடைசிவரை ஒரே பரோலோதான் செய்தார். இடத்தை மதிக்கத் தெரியாதவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியுமா? எந்தத் தோட்டத்தில் என்ன இல்லை என்று தெரிந்தவரால்தான் அப்படிக் கலக்க முடியும்.

பரோலோவை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். ஆல்பாவுக்கு மறுபக்கம் பார்பரெஸ்கோ, அதே நெப்பியோலோவில் செய்யும் இன்னொரு ஒயினின் ஊர். தானரோவுக்குப் பக்கம், கொஞ்சம் தாழ்வு, கொஞ்சம் சூடு, பழுப்பதும் சற்று முன்னால். காத்திருப்பு 26 மாதம்தான். ஆற்றைத் தாண்டினால் ரொவேரோ, அங்கே மணல். அதே நெப்பியோலோ அங்கே லேசாகி, வாசனையில் மட்டும் தாராளமாக இருக்கும். வடக்கே கத்தினாராவிலும் போக்காவிலும் பழைய எரிமலைப் பாறை, சுண்ணாம்பே இல்லாத புளிப்பு மண். அங்கே நெப்பியோலோவுக்கு ஸ்பான்னா என்று பெயர். ஒயின் மெலிந்து, நிமிர்ந்து, இரத்த வாசனையோடு வரும். பக்கத்து பியெல்லாவின் கம்பளி மில்கள் ஆட்களை இழுத்துக்கொள்ள, தோட்டங்கள் பல காடாகிவிட்டன.

மிகவும் ஆச்சரியமான நெப்பியோலோ எனக்கு வால்தெல்லினாதான். சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஆல்ப்ஸுக்குள் அதா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. இத்தாலியின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் பல வடக்கிலிருந்து தெற்காக இறங்கும்; இது கிழக்கிலிருந்து மேற்காகக் கிடக்கிறது. ஆகவே ஆற்றின் வடகரை முழுவதும் தெற்குப் பார்த்த சுவர். அந்தச் சுவரில் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள்; மொத்தம் 2,500 கிலோமீட்டர் கற்சுவர் என்று கணக்குச் சொல்வார்கள். மண்ணையும் பல இடத்தில் கீழேயிருந்து முதுகில் சுமந்து போட்டதுதான். பகலில் சூடான கல் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தருகிறது. இல்லாவிட்டால் அந்தக் குளிரில் நெப்பியோலோ பழுக்காது. இன்ஃபெர்னோ என்ற பகுதிக்கு நரகம் என்று பெயர் வைத்ததே அந்த வெக்கைக்காக என்பார்கள். அறுவடையில் டிராக்டர் ஏற வழியில்லை. சில இடங்களில் ஹெலிகாப்டரில் பெட்டிகளை இறக்குகிறார்கள். பரோலோ குடித்துப் பழகியவருக்கு அங்கேயே இருக்கும் சஸ்செல்லா பகுதியின் ஒயின் முதலில் தண்ணியாகத் தோன்றும். இரண்டாவது கிளாஸில் மலைமூலிகையும் சிவப்புப் பழத்தின் கூர்மையும் பிடிபடும். மனிதன் கட்டிய சுவரை எடுத்துவிட்டால் அந்த இடமே இல்லை. இயற்கை மட்டும்தான் இடம் என்று பேசுகிறவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

நெப்பியோலோவுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை இது. தோஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி 1716-லேயே கியாந்தி உட்பட நான்கு ஒயின் பகுதிகளுக்கு எல்லை வரைந்துவிட்டார். அதே தோஸ்கானாவின் மொந்தால்சீனோவில் சாஞ்சோவேசே என்ற ஒரே திராட்சை ஊருக்கு வடக்கே குளிர்ச்சியாகவும் தெற்கே அகலமாகவும் வரும். சிசிலியின் எத்னா எரிமலையில் இன்னும் கூத்து. அங்கே ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் ஒரு வயது. ஆயிரம் வருடத்துக் கல் மக்கி மண்ணாகியிருக்கும். பக்கத்திலேயே 1981-ல் ரந்தாஸ்ஸோவை ஒட்டி ஓடிய லாவா இன்னும் கறுப்புக் கல்லாகக் கிடக்கும், தோட்டங்களைத் தின்றுவிட்டு. நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சை அங்கே ஒவ்வொரு பகுதியிலும் வேறு ஆள்.

வெயில் கூடிக்கொண்டே போவதால் இந்தக் கணக்கெல்லாம் இப்போது ஆட்டம் காண்கிறது. முன்பு அக்டோபர் கடைசிவரை இழுத்த அறுவடை செப்டம்பர் இறுதிக்கே வந்துவிடும் வருடங்கள் வருகின்றன. 2003, 2017 மாதிரியான கொதிப்பில் நல்ல இடம் என்று பெயர் வாங்கிய தெற்குச் சரிவுகளே அதிகம் தவித்தன. முன்பு பழுக்காது என்று ஒதுக்கிய உயரமான, காற்றோட்டமான தோட்டங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. பனி முதலில் உருகும் இடம் என்ற பழைய அளவுகோலை இன்னும் எத்தனை காலத்துக்கு நம்புவார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

குடித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. இந்தியாவில் வரியெல்லாம் ஏறிய பிறகு பரோலோ நடுத்தரச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பயணம் போகும்போது வாங்குங்கள். முதலில் லாங்கே நெப்பியோலோ என்று எழுதிய பாட்டிலில் ஆரம்பிக்கலாம், விலையும் குறைவு, காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்து பரோலோ என்றால், பிரபலமான ஒரு தோட்டத்துப் பெயருக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட, ஊர்ப் பெயர் மட்டும் போட்ட இரண்டு பாட்டில்களை வாங்குங்கள். ஒன்று லா மோர்ரா, ஒன்று செர்ராலுங்கா, வருடம் ஒன்றாக இருக்கட்டும். ராத்திரி விருந்துக்கு லா மோர்ராவைச் சாயங்காலம் திறந்தால் போதும். செர்ராலுங்காவைக் காலையிலேயே திறந்து வைத்துவிடுங்கள்.